ரீவொர்க்கை என் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஓசூர் சிப்காட் பக்கம் மூன்று பேர் சேர்ந்து எடுத்திருந்த அறை. முன்பு குடியிருந்தவர் விற்றுவிட்டுப் போன 32 இன்ச் டிவி, அதற்குக் கீழே மூவரும் பணம் போட்டு வாங்கிய செகண்ட் ஹேண்ட் பிஎஸ்4. அன்றைக்கு அதிசயமாகப் புது டிஸ்க், சீல் பிரிக்காதது. கேமின் பெயர் வேண்டாம். சொன்னால் இந்தக் கட்டுரை அந்த ஒரு கேமைப் பற்றியதாகிவிடும். பிளாஸ்டிக்கைக் கிழித்து, புது டிஸ்க் வாசனையை மூன்று பேரும் மாறி மாறி மோந்து பார்த்துவிட்டு (சிரிக்காதீர்கள், நீங்களும் செய்திருப்பீர்கள்) உள்ளே தள்ளினோம். திரையில் முதலில் வந்தது கேம் இல்லை. அப்டேட், 48 ஜிபி.

அறையில் வைஃபை கிடையாது. போன் ஹாட்ஸ்பாட்தான், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. யாரும் வாட்ஸப்கூடத் திறக்காமல் விரதம் இருந்தால் 32 நாளில் இறங்கிவிடும். "அப்ப டிஸ்க்ல என்னதான்டா இருக்கு?" என்று கேட்டான் அறை நண்பன். நியாயமான கேள்வி. அப்டேட்டை ரத்து செய்து, நெட்டைத் துண்டித்து, டிஸ்க்கில் இருந்ததையே ஆட ஆரம்பித்தோம். இரண்டாவது மிஷனில் ஒரு ஆள் வந்து நமக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். அவர் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் முகத்தை முட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருந்தார். நாங்கள் குளித்து, இட்லி வாங்கி வந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து பார்த்தபோதும் நடந்துகொண்டிருந்தார்.

நண்பர்களுக்கு அது ஒரு வாரம் ஓடிய நகைச்சுவை. எனக்கு அதில் சிரிப்பு வராததற்குக் காரணம் என் வேலை. வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். ஓசூரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: எழுபதுகளில் சிப்காட் வந்தது, பின்னாலேயே அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய பெயர்கள் வந்தன, அவற்றைச் சுற்றி அவற்றுக்கு நட்டும் போல்ட்டும் ராடும் புஷ்ஷும் செய்துதரும் நூற்றுக்கணக்கான சின்னக் கம்பெனிகள் முளைத்தன. அப்படி ஒன்றில்தான் நானும். என் கையில் இருப்பது கோ-நோகோ கேஜ் என்ற ஒரு கருவி. அதற்கு இரண்டு முனை. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், இன்னொரு முனை போகக் கூடாது. போக வேண்டியது போகவில்லை என்றாலும், போகக் கூடாதது போய்விட்டாலும் பீஸ் சிவப்புத் தொட்டிக்குப் போகும். 'அனுப்பிடு, அப்புறம் பாத்துக்கலாம்' என்று மூன்றாவது முனை ஒன்று அதில் கிடையாது.

ஆனால் மனிதர்களுக்கு அந்த மூன்றாவது முனை உண்டு. மாதக் கடைசி வரட்டும், பார்க்கலாம். டிஸ்பாட்ச் டார்கெட் பாக்கி இருக்கும், லாரி வாசலில் நிற்கும், மேனேஜர் முதுகுக்குப் பின்னால் நிற்பார். "டீவியேஷன் போட்டு அனுப்பு" என்பார். டீவியேஷன் என்பது ஒரு தாள். இந்த லாட்டில் இன்ன குறை இருக்கிறது, இத்தனை பீஸ் இருக்கிறது, தெரிந்தே அனுப்புகிறோம், நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா என்று வாங்குபவரிடம் கேட்கும் தாள். அவர் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி கிளம்பலாம். கையெழுத்து இல்லாமல் அனுப்பிக் குறை அங்கே போய்த் தெரிந்தால் கதையே வேறு. எங்கள் ஆட்கள் நாலு பேர், எங்கள் செலவில், அவர்கள் பிளான்ட்டில் போய் உட்கார்ந்து நல்லது கெட்டது பிரித்துக் கொடுக்க வேண்டும். சார்ட்டிங் என்று பெயர். நானே போயிருக்கிறேன். அவர்கள் லைன் நின்றால் டெபிட் நோட் வேறு. செய்தவன் தப்புக்குச் செய்தவன்தான் செலவழிக்க வேண்டும் என்பதில் இந்தத் தொழிற்பேட்டையில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

இப்போது அந்த 48 ஜிபியைப் பாருங்கள். டிஸ்க்கில் குறை இருக்கிறது என்று அனுப்பியவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சரிசெய்யும் கோப்பு தயாராக இருக்கிறது. என்னிடம் கையெழுத்து வாங்கவில்லை. அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தில் எழுதவில்லை. சார்ட்டிங் என் அறையில், என் டேட்டாவில், என் ஒரே விடுமுறை நாளில் நடக்கிறது. நான் முழு விலை கொடுத்தவன். இதற்கு 'முதல் நாள் பேட்ச்' என்று ஏதோ முதல் நாள் முதல் காட்சி மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள்.

*

எல்லாம் பொற்காலமாக இருந்து இப்போதுதான் கெட்டுப்போனது என்று சொல்ல வரவில்லை. நிண்டெண்டோ காலத்து கார்ட்ரிட்ஜிலும் பிழை இருந்தது. 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தில் சுவருக்குள் புகுந்து, முடிவே இல்லாத ஒரு லெவலில் போய் மாட்டிக்கொள்ளலாம். வித்தியாசம் மனிதர்களின் யோக்கியதையில் இல்லை, செலவில் இருந்தது. கார்ட்ரிட்ஜின் சில்லில் எழுதியதை அழிக்க முடியாது. லட்சக்கணக்கில் அடித்துக் கப்பல் ஏற்றிய பிறகு பிழை தெரிந்தால், மொத்தமும் நஷ்டம். 1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை குப்பை ஆட்டங்களால் நிரம்பிச் சரிந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நிண்டெண்டோ பெட்டியில் தர முத்திரை குத்த ஆரம்பித்தது. பின்னால் வந்த சோனியும் மைக்ரோசாஃப்டும் தங்கள் கன்சோலில் ஓடும் எதையும் முதலில் தாங்களே சோதித்துச் சான்று கொடுத்துத்தான் வெளியே விட்டன. எங்கள் பாஷையில் சொன்னால் அதுதான் பிடிஐ, டிஸ்பாட்சுக்கு முந்தைய சோதனை.

பிறகு கன்சோலுக்குள் ஹார்டு டிஸ்க் வந்தது, இணையம் வந்தது. அனுப்பிய பிறகும் திருத்தலாம் என்றானது. ஆரம்பத்தில் அதற்கும் ஒரு விலை இருந்தது. 'ஃபெஸ்' என்ற அருமையான சின்ன கேம் 2012இல் எக்ஸ்பாக்ஸ் 360இல் வந்தது. அதற்கு விட்ட பேட்ச் ஒன்று சிலருடைய சேவ் கோப்பைக் கெடுத்தது. திருத்தி இன்னொரு பேட்ச் விட, மைக்ரோசாஃப்டிடம் மறுசான்றுக்குப் பல்லாயிரம் டாலர் கட்ட வேண்டும் என்று சொல்லி, செய்தவர்கள் அந்தப் பிழையோடே அதை விட்டுவிட்டார்கள். பெரிய சண்டையானது. அடுத்த வருடம் மைக்ரோசாஃப்ட் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டது. சின்னக் குழுக்களுக்கு அந்தக் கட்டணம் அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை எடுத்தபோது சின்னவர்களோடு சேர்த்துப் பெரியவர்களுக்கும் கதவு திறந்துவிட்டது. ரீவொர்க் இலவசமானால் எந்த மேனேஜர் லாரியை நிறுத்தி வைப்பார்?

அந்தக் கதவு வழியாக வந்ததில் பெரியது 2020 டிசம்பர் 10 அன்று வந்த 'சைபர்பங்க் 2077'. எட்டு வருடம் விளம்பரம் செய்த கேம். மூன்று முறை தேதி தள்ளிய கேம். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுத்தது கம்ப்யூட்டர் பதிப்பை மட்டும். பிஎஸ்4 பதிப்பு எப்படி ஓடுகிறது என்பதை வாங்கிய பிறகுதான் உலகம் பார்த்தது. முகம் இல்லாத மனிதர்கள், வானத்தில் நிற்கும் கார்கள், நடுவில் அணைந்துபோகும் ஆட்டம். ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதைத் தூக்கியது, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. மறுபடி கடைக்கு வர ஆறு மாதமானது.

இதில் எல்லோரும் பேசியது பிழைகளைப் பற்றி. எனக்கு வயிறு எரிந்தது இன்னொன்றில். இவ்வளவு மோசமான கேம் சோனி, மைக்ரோசாஃப்ட் இரண்டு பேருடைய சோதனையையும் எப்படித் தாண்டியது என்று முதலீட்டாளர் கூட்டத்தில் கேட்டார்கள். வெளியாகும்போது சரிசெய்துவிடுவோம் என்று அவர்கள் நம்பியிருக்கலாம் என்ற பொருளில் சிடி ப்ராஜெக்ட் நிர்வாகி பதில் சொன்னார். இந்தப் பதிலை ஓசூரில் ஏதாவது ஒரு குவாலிட்டி ஆடிட்டில் சொல்லிப் பாருங்கள். 'பீஸ் சரியில்லை, ஆனா அவங்க சரி பண்ணிடுவாங்கன்னு நம்பி பாஸ் போட்டேன்.' மதியச் சாப்பாட்டுக்குள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் கோபம் தப்பான ஆள் மேல் விழும். பிழையைக் கண்டுபிடிக்கும் டெஸ்டர்கள் மேல் எனக்கு ஒரு சதவீதம்கூடக் கோபம் இல்லை. அவர்கள் என் சொந்தக்காரர்கள் மாதிரி. இன்ஸ்பெக்டர் சிவப்புத் தொட்டியில் போட்டதை எடுத்துப் பச்சைத் தொட்டியில் போடுபவர் எப்போதும் வேறு ஒருவர். மேலே சொன்ன அந்த கேமுக்குக் கட்டாய ஓவர்டைம் இருக்காது என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கடைசி வாரங்களில் வாரம் ஆறு நாள் வேலை வாங்கினார்கள். 'கால் ஆஃப் டூட்டி' வரிசையில் வேலை செய்யும் ரேவன் சாஃப்ட்வேரில் 2021 டிசம்பரில் பன்னிரண்டு ஒப்பந்த டெஸ்டர்களை வேலையை விட்டு நீக்கினார்கள். மிச்சம் இருந்த டெஸ்டர்கள் வேலைநிறுத்தம் செய்து, 2022 மே மாதம் வாக்களித்து யூனியன் அமைத்தார்கள். காண்டிராக்ட் லேபர் என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியாத குடும்பம் எங்கள் ஊரில் இல்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று வந்த சந்தோஷம், எந்த கேமின் டிரெய்லரைப் பார்த்தும் எனக்கு வந்ததில்லை.

*

இதற்கெல்லாம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. கேமர்கள் கூடும் எந்த இடத்திலும் கேட்கலாம். "ப்ரோ, இப்ப ஆடிப் பாரு, வேற லெவல்." நோ மேன்ஸ் ஸ்கையை உதாரணம் காட்டுவார்கள். 2016 ஆகஸ்டில் வந்தபோது சொன்னதில் பாதி இல்லை. சேர்ந்து விளையாடும் வசதி ஒழுங்காக வரவே 2018 ஆனது. ஆனால் அந்தச் சின்னக் குழு வருடக்கணக்கில் இலவசமாகச் சேர்த்துக்கொண்டே போனது, இன்றைக்கு அது நல்ல கேம். உண்மை. அவர்களுக்கு ஒரு கும்பிடு போடுகிறேன். ஆனால் பந்தியில் உட்காரவைத்து இலையைப் போட்டுவிட்டு, சோறு இன்னும் அடுப்பில்தான் இருக்கிறது என்று இரண்டு வருடம் சொன்னவர், கடைசியில் நல்ல பிரியாணி போட்டார் என்பதற்காகப் பந்தி வைக்கும் முறையே அதுதான் என்று ஆக்கிவிட முடியாது. ஆக்கிவிட்டோம். இப்போது ஒரு கேம் உடைந்து வந்தால் கோபம்கூட வருவதில்லை. 'மீண்டு வந்த கதை'யின் முதல் அத்தியாயம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆறு மாதம் கழித்து வாங்கிக்கொள்ளலாம் என்கிறோம். அதையே புத்திசாலித்தனம் என்றும் நினைத்துக்கொள்கிறோம்.

மீண்டு வந்தது யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை. சைபர்பங்க் 2023 செப்டம்பரில் 2.0 என்ற பெரிய அப்டேட்டோடு முழுமையடைந்தது என்று உலகமே பாராட்டியது. அந்த 2.0 பிஎஸ்4க்கு வரவே இல்லை. புதுக் கன்சோலுக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும்தான். அதாவது 2020 டிசம்பரில் பிஎஸ்4இல் காசு கொடுத்து வாங்கி, உடைந்ததை ஆடி, நம்பிக் காத்திருந்தவனுக்கு, அந்த மெஷினில், அந்த நல்ல கேம் கடைசிவரை கிடைக்கவில்லை. பழைய டிஸ்க் வைத்திருப்பவர்களுக்குப் பிஎஸ்5 பதிப்பு இலவசம்தானே என்பீர்கள். பதிப்பு இலவசம். பிஎஸ்5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்து, அடுத்த வருடமே 54,990 ஆனது. சிப்காட்டில் ஒரு டிரெய்னியின் சம்பளம் என்ன என்று தெரிந்தவர்கள் அந்த 'இலவச'த்தின் எடையைப் புரிந்துகொள்வார்கள்.

*

என் பக்கத்து அழுக்கையும் சொல்ல வேண்டும். நான் கேம் கற்றது கிருஷ்ணகிரி பழையபேட்டையில், ஒரு பிஎஸ்2 கேம் சென்டரில். மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. மெமரி கார்டு வைத்திருப்பவன் ராஜா. அங்கே இருந்த கன்சோல்கள் எல்லாம் சிப் போட்டவை, டிஸ்க்குகள் எல்லாம் மார்க்கர் பேனாவில் பெயர் எழுதிய காப்பிகள். ஒரிஜினல் டிஸ்க்கை நான் கண்ணால் பார்த்ததே பத்து வருடம் கழித்துத்தான். "திருட்டு டிஸ்க்ல ஆடினவனுக்கு என்ன பேச்சு?" என்று கேட்டால் பதில் இல்லை, தலை குனிகிறேன். சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு ஒன்றைக்கூடத் திருட்டுத்தனமாக ஆடியதில்லை. அதை ஒரு பிராயச்சித்தம் மாதிரி வைத்திருக்கிறேன். அதனால்தான் கடுப்பு கூடுதல். மார்க்கர் பேனா டிஸ்க்கில் முழு கேம் இருந்தது. ஹாலோகிராம் ஒட்டிய டிஸ்க்கில் இல்லை.

அந்த சென்டரில் எல்லோரும் ஆடியது 'ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸ்'. 2004இல் வந்தது. ஒரே ஒரு டிவிடியில் மூன்று நகரம், காடு, மலை, பாலைவனம். அந்த கேமுக்கும் ஒரு பெரிய தப்பு நடந்தது. விளையாட்டுக்குள் புதைத்து வைத்திருந்த ஆபாசக் காட்சி ஒன்றை வெளியே எடுத்துவிட்டார்கள். 2005 ஜூலையில் அமெரிக்காவில் வயது மதிப்பீடே மாறி, கடைகள் விற்பனையை நிறுத்தின. நிறுவனம் டிஸ்க்குகளைத் திரும்ப வாங்கி, அதை நீக்கிப் புதுப் பதிப்பு அடித்து அனுப்பியது. தப்பு செய்தவன் செலவில் ரீகால். முறையே அதுதான்.

அதே கேமை 2021 நவம்பரில் 'டெஃபினிட்டிவ் எடிஷன்' என்று மெருகேற்றி, இரண்டு பழைய ஜிடிஏக்களோடு சேர்த்து விற்றார்கள். டெஃபினிட்டிவ் என்றால் இறுதியானது, அறுதியானது. வந்த கோலத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மழை பெய்தால் திரை முழுக்க வெள்ளைக் கோடு, எதுவும் தெரியாது. கடைப் பலகைகளில் எழுத்துப்பிழை. ஆனால் என்னை உட்காரவைத்தது ஒரு டோனட் கடை. 'டஃப் நட்' என்று பெயர். நட்டு என்ற சொல்லை வைத்து ஒரு சிலேடை. அதற்காகக் கடைக்கு மேலே டோனட்டுக்குப் பதிலாக ஒரு ராட்சத அறுகோண நட்டு இருக்கும். புதிய பதிப்பில் உருவங்களின் முனைகளை வழவழப்பாக்கியதில் அந்த நட்டின் ஆறு மூலையும் தேய்ந்து உருண்டையாகிவிட்டது. வட்டமான நட்டு! ஸ்பானர் எங்கே பிடிக்கும்? நாளெல்லாம் நட்டு பார்ப்பவன் நான். அந்தப் படத்தை லைனில் எல்லோருக்கும் காட்டினேன். எட்டாவது படித்துவிட்டு வேலைக்கு வந்த அக்கா ஒருவர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "இத யாருமே கண்ணால பாக்கலடா." அவ்வளவுதான் விமர்சனம். ஒரு வாரத்தில் கம்பெனி மன்னிப்புக் கேட்டது. மிச்சம் மீதியைச் சரிசெய்து, பழைய ஒளியமைப்பைத் திரும்பக் கொண்டுவந்த பெரிய அப்டேட் வந்தது 2024 நவம்பரில். மூன்று வருடம்.

இதைவிடப் பெரிய பாவம் ஒன்று இருக்கிறது. புதியதை விற்பதற்காக, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பழைய பதிப்புகளை டிஜிட்டல் கடைகளிலிருந்து முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள். சத்தம் போட்ட பிறகு கம்ப்யூட்டர் பதிப்பை மட்டும் தங்கள் கடையில் திரும்ப வைத்தார்கள். நல்ல பீஸைக் குப்பையில் போட்டுவிட்டு ரிஜெக்ட் பீஸை விற்பதற்கு எங்கள் தொழிலில் பெயர்கூடக் கிடையாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு வேடிக்கை. 2009இல் ஹைதராபாத்தில் செய்த 'ஹனுமான்: பாய் வாரியர்' என்று ஒரு பிஎஸ்2 கேம் உண்டு. இந்தியாவில் உருவான முதல் பிஎஸ்2 கேம் அதுதான் என்று விளம்பரம் செய்தார்கள். ஆடுவதற்கு ரொம்பச் சுமார். ஆனால் அந்த டிஸ்க்கை இன்றைக்குப் போட்டாலும் ஓடும். யாரிடமும் அனுமதி கேட்காது.

*

ஓசூரிலிருந்து மெஜஸ்டிக் போகும் பஸ் ஏறினால், ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி, எலெக்ட்ரானிக் சிட்டி பாலம், சில்க் போர்டு டிராஃபிக் எல்லாம் கடந்து, காந்திநகர் நேஷனல் மார்க்கெட் வந்துவிடலாம். எங்கள் பக்கத்து கேமர்களுக்கு நூலகம் அதுதான். பழைய டிஸ்க்கைக் கொடுத்து வேறு டிஸ்க் வாங்குவோம். "எஷ்டு குரு?" என்பேன் என் உடைந்த கன்னடத்தில். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே விலை சொல்வார். 1,500க்கு வாங்கி, முடித்துவிட்டு, கீறல் இல்லாமல் கொண்டுபோனால் 1,000, 1,100 திரும்ப வரும். ஆக ஒரு கேமை ஆட எனக்கு ஆனது 400, 500 ரூபாய். பெரிய புது கேம்கள் 4,999 ரூபாய்க்கு வரும் நாட்டில், மாதச் சம்பளக்காரன் நேர்மையாக கேம் ஆட இருக்கும் வழி இது ஒன்றுதான். நான் காப்பியிலிருந்து ஒரிஜினலுக்கு மாற முடிந்ததே இந்தச் சந்தையால்.

அந்தச் சந்தையைத்தான் கொல்கிறார்கள், அதுவும் நேரடியாக இல்லை. டிஸ்க் டிரைவே இல்லாத கன்சோல்களைக் கொஞ்சம் மலிவாக விற்கிறார்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் அப்படி. பிஎஸ்5 ப்ரோவில் டிரைவை விரும்பினால் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். 2025இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2இல் 'கேம்-கீ கார்டு' என்று ஒன்று. பெட்டி உண்டு, கார்டு உண்டு, கார்டுக்குள் கேம் கிடையாது. இறக்கிக்கொள்ள அனுமதி மட்டும். அந்தக் கார்டைப் பிறருக்கு விற்கலாம், உண்மைதான். சர்வர் உயிரோடு இருக்கும் வரை விற்கலாம்.

சர்வர் செத்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. யூபிசாஃப்டின் 'தி க்ரூ', 2014இல் வந்த கார் பந்தய ஆட்டம். தனியாக ஓட்டினாலும் இணையம் வேண்டும் என்று கட்டியிருந்தார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். கடையில் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் அன்று முதல் காபி டம்ளருக்கு அடியில் வைக்கும் வட்டத் தட்டு. வாங்கியவர்கள் வாங்கியது உரிமம்தான், கேம் இல்லை என்று நிறுவனம் நீதிமன்றத்தில் வாதாடியது. இணையம் இல்லாமல் ஓடும்படி செய்யவே முடியாதோ என்றால், அடுத்தடுத்த பாகங்களுக்கு அந்த வசதியைத் தருகிறோம் என்று அவர்களே அதே வருடம் செப்டம்பரில் அறிவித்தார்கள். கத்தினால் முடிகிறது.

ஐரோப்பாவில் கத்தினார்கள். 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் மனுவில் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. கலிஃபோர்னியாவில் 2025 முதல், உரிமம் மட்டும் தருகிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற பொத்தானை டிஜிட்டல் கடைகள் வைக்கக் கூடாது என்று சட்டம். நம் நாட்டில்? சூதாட்டம் பற்றித்தான் பேச்சு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடைசெய்தது. ரம்மியில் சொத்தையும் உயிரையும் இழந்தவர்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள் என்பதால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முழு விலை கொடுத்து வாங்கிய பொருளை விற்றவனே பின்னால் வந்து செயலிழக்கச் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இத்தனைக்கும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒரு பிரிவு இருக்கிறது; தகுந்த காரணம் இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனை அதில் நேரடியாக வருகிறது. நாம் படிக்காமல் 'ஏற்கிறேன்' அழுத்தும் பக்கங்களில் வேறு என்ன இருக்கிறது? ஆனால் அந்தப் பிரிவில் புகார் கொடுக்க கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையம் போதாது, சென்னையில் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். 4,999 ரூபாய்க்காக எவன் போவான்? அது அவர்களுக்கும் தெரியும்.

கேம்தானே, பொழுதுபோக்குதானே, இதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களைப் போச்சம்பள்ளிக்குக் கூட்டிப் போவேன். எங்கள் மாவட்டம்தான். ஓலா எலெக்ட்ரிக் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 15 அன்று ஸ்கூட்டரை ஆரவாரமாக அறிவித்தார்கள். டிசம்பரில் வண்டி கைக்கு வந்தபோது க்ரூஸ் கண்ட்ரோல், நேவிகேஷன் எல்லாம் 'பின்னால் அப்டேட்டில் வரும்'. வந்தது 2022 ஜூனில். ஓசூரில் தயாராகும் ஏதர் ஸ்கூட்டரை 2023இல் 'ப்ரோ பேக்' இல்லாமல் வாங்கியிருந்தால் பல வசதிகள் மென்பொருளில் பூட்டியே இருக்கும். காசு கட்டினால் திறக்கும். கேமர்களுக்கு இது பழைய படம். 2006இல் குதிரைக்குக் கவசம் என்று இரண்டரை டாலருக்குத் தனியாக விற்றபோதே பார்த்தோம், சிரித்தோம், பிறகு வாங்கினோம். முடிக்காத பொருளை விற்கலாம், மிச்சத்தைப் பின்னால் அனுப்பலாம், இருப்பதையே பூட்டி வைத்து மறுபடி விற்கலாம், வாங்குபவன் முணுமுணுத்துவிட்டுப் பழகிவிடுவான் என்பதற்கெல்லாம் ஒத்திகை எங்கள் வரவேற்பறையில் நடந்தது. சோதனை எலிகள் நாங்கள்தான், நுழைவுக் கட்டணமும் நாங்களே கட்டினோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. டிஸ்க்கில் இருப்பது முதலிலிருந்து கடைசிவரை ஆடி முடிக்கக் கூடியதா, ஆம் அல்லது இல்லை. இணையம் இல்லாமல் ஓடுமா, ஆம் அல்லது இல்லை. சர்வர் குறைந்தது எந்தத் தேதிவரை இருக்கும். மூன்றையும் பெட்டியின் முன்பக்கத்தில், வயது மதிப்பீட்டுக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சடியுங்கள். பிஸ்கட் பாக்கெட்டில் எப்போது செய்தது, எதுவரை சாப்பிடலாம் என்று போடுகிறார்கள் இல்லையா? டீவியேஷன் தாளை என் முன்னால் வையுங்கள். சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுகிறேன், பாதி விலைக்கு.

சுவரில் முட்டிக்கொண்டு நடந்தவர் இருந்த அந்த டிஸ்க்கை மாதக் கடைசியில் நேஷனல் மார்க்கெட்டுக்கே கொண்டுபோனேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்து விலை சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற பையன் கண்ணாடி அலமாரியை விட்டுவிட்டு என் கையில் இருந்ததையே பார்த்தான். பதினைந்து வயது இருக்கலாம். கூட அப்பா, சட்டைப் பையில் ஏதோ கம்பெனி அடையாள அட்டை.

"அண்ணா, இது எப்படிண்ணா இருக்கும்?" என்றான்.

"வீட்ல வைஃபை இருக்கா தம்பி?"

அவன் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வைஃபை எதுக்குங்க? டிஸ்க்குதானே வாங்குறோம்?"